ஏழு நாள் கடன் ஆப்: கைக்கு வந்தது 6,400, கட்டச் சொன்னது 10,000

போன ஜூனில் மகனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டப் பணம் குறைந்தது. கம்பெனியில் சனிக்கிழமைதான் சம்பளம். போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு கடன் ஆப்பை இறக்கினேன். ஆதார், பான், ஒரு செல்ஃபி. நடுவில் காண்டாக்ட்ஸ், கேலரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்று அழுத்திக்கொண்டே போனேன்.

கேட்டது 10,000. அஞ்சு நிமிஷத்தில் வந்தது 6,400. மீதியைப் பிராசஸிங் ஃபீஸ் என்று பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் முழுப் பத்தாயிரமும் கட்ட வேண்டுமாம். எங்கள் தெருவில் தண்டல் விடுகிறவர் 8,500 கொடுத்துவிட்டு நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய் வாங்குவார். அதையே அநியாயம் என்போம். இது ஒரே வாரத்தில் நூற்றுக்கு 56 ரூபாய்!

அஞ்சாம் நாளே போன் வர ஆரம்பித்தது. மறுநாள் பக்கத்து மெஷினில் தைக்கிற பெண், "அக்கா, உங்க போட்டோ இப்படி வந்திருக்கு" என்று போனை நீட்டினாள். என் செல்ஃபி, கீழே 'திருடி' என்று சிவப்பு எழுத்து. கொழுந்தனாருக்கும், மகனின் கிளாஸ் டீச்சருக்கும் அதே படம் போயிருந்தது. தண்டல்காரர் சத்தம் போட்டால் எங்கள் வாசலோடு போகும். இவர்கள் கையில் என் போனில் இருந்த அத்தனை நம்பரும் இருந்தது.

பயந்துபோய் அங்கே இங்கே புரட்டிப் பத்தாயிரத்தையும் கட்டினேன். மறுநாள் 'பாக்கி 4,200' என்றார்கள். பணம் கட்ட அனுப்பிய லிங்க்கில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயர். அப்போதுதான் பாஸ்புக்கைப் பார்த்தேன். அந்த 6,400-ம் யாரோ ஒரு தனி ஆள் கணக்கிலிருந்து வந்திருந்தது. அன்றே இதைக் கவனித்திருந்தால் பணத்தைத் தொட்டிருக்க மாட்டேன்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே இதற்கு விதி போட்டிருக்கிறது. ஆப் எதுவானாலும், கடன் கொடுக்கிற வங்கியோ நிதி நிறுவனமோ தன் கணக்கிலிருந்து நேராக நம் கணக்குக்குத்தான் போட வேண்டும். நாம் கட்டுவதும் நேராக அதற்குத்தான். ஃபீஸையும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். காண்டாக்ட்ஸ், கேலரியைத் தொடவே கூடாது. எந்த ஆப் எந்த நிறுவனத்துடையது என்ற பட்டியலும் இப்போது ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது. நான் வாங்கிய ஆப்பின் பெயரை எழுதிப் பயனில்லை. அது ஏற்கெனவே பெயர் மாறிவிட்டது.

கடைசியில் வீட்டுக்காரரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டார். ஒவ்வொரு பரிமாற்ற எண்ணையும் கேட்டார்கள். ஆப்பை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் கொடுக்க முடிந்தது. 'என் பெயரில் ஏதாவது படம் வந்தால் நம்பாதீர்கள், போலீஸில் சொல்லியாகிவிட்டது' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். அதற்கப்புறம்தான் மூச்சு வந்தது. மேற்கொண்டு ஒரு ரூபாய் கட்டவில்லை. ரெண்டு வாரத்தில் போன் வருவது நின்றது. கட்டின பணம் திரும்பவில்லை.

டீச்சரை நேரில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அந்த வகுப்பிலேயே இன்னும் ரெண்டு அம்மாக்களின் படம் இதே மாதிரி அவருக்கு வந்திருக்கிறதாம். ரெண்டு பேரும் இதுவரை அவரிடம் வாய் திறக்கவில்லையாம்.