மார்ச் மாசத்துல அட்வென்ட் மெழுகுவர்த்தி: எங்க வீட்டு ஹோம்ஸ்கூல் பாக்ஸ் பத்தி

நாங்க சிங்கப்பூர்ல பிள்ளைங்கள பள்ளிக்கூடம் அனுப்பாம வீட்லயே படிக்க வைக்கறோம். அதுக்கு வாங்கின அந்த அமெரிக்க கம்பெனியோட கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் பாக்ஸ் (ஒரு வருஷத்து பாடப் பக்கம், கைடு, கணக்கு கட்டை, மெழுகு ஷீட் எல்லாம் அடங்கின பெட்டி) விலை குறைஞ்சிருக்குன்னு ஆளாளுக்கு வாட்ஸப்ல லிங்க் அனுப்புறீங்க, வாங்கலாமா அக்கான்னு கேக்குறீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட முடியல, அதனால இங்க ஒரே தடவையா எழுதிடறேன். எத்தனை லெவல் இருக்குங்கறதெல்லாம் இங்க விவரமா சொல்லப் போறதில்ல. மூத்தவளுக்கு பிரைமரி 1 வயசுல ஆரம்பிச்சது, இப்ப அவ பிஎஸ்எல்இ (பிரைமரி 6 முடிவுல எழுதற தேசியத் தேர்வு) பக்கத்துல வந்துட்டா, சின்னவன் அவளோட பழைய பாக்ஸை வச்சு படிக்கிறான். அவ்வளவு நாள் புழங்கின பொருள் பத்தி தான் பேசறேன்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன், ஏன்னா அது உண்மையிலேயே ரொம்ப நல்லா இருக்கு. அந்த கணக்கு கட்டைங்க. வெள்ளை 1, சிவப்பு 2, வெளிர் பச்சை 3, இப்படியே போய் ஆரஞ்சு 10, ஒவ்வொண்ணும் அத்தனை சென்டிமீட்டர் நீளம், மரத்துல செஞ்சது. இத்தனை வருஷத்துல ஒண்ணு கூட உடையல, ஓரம் கூட மழுங்கல, சின்னவன் கடிச்ச பல் தடம் மட்டும் ஒரு மஞ்சள் கட்டையில இருக்கு. நம்ம ஊர்ல 1980கள்ல கொண்டு வந்த மாடல் டிராயிங் முறை இருக்குல்ல, கோடு கோடா பெட்டி வரைஞ்சு கணக்கு போடுறது, அதை சொல்லிக் குடுக்க பல பேரன்ட்ஸ் டியூஷனுக்கு காசு கொட்டுறாங்க. எங்க வீட்ல இவ பென்சில எடுக்கறதுக்கு முன்னாடியே மாடல் டேபிள் மேல கிடந்துச்சு. "அலிகிட்ட இருக்கறது மீனாகிட்ட இருக்கறத விட மூணு மடங்கு, ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து 24"னு கேட்டா, ஒரு சிவப்பு கட்டை வச்சா, கீழ மூணு சிவப்பு வச்சா, மொத்தம் நாலு, ஒரு கட்டைக்கு 6, அவ்வளவு தான். கட்டைய அப்படியே சுத்தி பென்சிலால கோடு போட்டா அது தான் பள்ளிக்கூடத்துல வரையற மாடல். இதுக்காக அந்த கம்பெனிக்கு நான் நன்றி சொல்லிட்டே இருப்பேன்.

சயின்ஸும் அப்படித்தான். தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல மெழுகுவர்த்தி ஏத்தி மேல கண்ணாடி டம்ளரை கவுத்துற பரிசோதனை எல்லாருக்கும் தெரியும். தீ அணைஞ்சதும் தண்ணி டம்ளருக்குள்ள ஏறும். ஆக்ஸிஜன் தீர்ந்து போச்சு, அந்த இடத்துக்கு தண்ணி வந்துச்சுன்னு தான் நிறைய பேர் சொல்லிக் குடுக்கறாங்க. இந்த பாக்ஸோட கைடு அப்படி சொல்லல, கவுத்தற நேரத்துல டம்ளர் விளிம்பை உத்துப் பாக்கச் சொல்லுது. பாத்தோம். குமிழி குமிழியா காத்து வெளிய போச்சு. சூட்டுல விரிஞ்ச காத்து வெளிய போயிடுது, தீ அணைஞ்சதும் உள்ள மிச்சம் இருக்கற காத்து குளிர்ந்து சுருங்குது, வெளிக்காத்து அமுக்கி தண்ணிய உள்ள தள்ளுது. மூத்தவ அதை கண்ணால பாத்து தானே சொன்னா. விரியறது சுருங்கறது எல்லாம் நம்ம பிரைமரி 4 சிலபஸ்ல வர்ற விஷயம், அந்த பாடத்துக்கு நான் தனியா ஒரு அசெஸ்மென்ட் புக் (கடையில விக்கற பயிற்சிப் புத்தகம்) கூட திறக்கல.

இப்ப என் ஆத்திரத்துக்கு வர்றேன்.

இந்த பாக்ஸ் 36 வாரம். அமெரிக்காவுல செப்டம்பர்ல பள்ளிக்கூடம் திறக்கறத வச்சு போட்ட 36 வாரம். அதனால வாரம் 13லேர்ந்து 16 வரைக்கும் அட்வென்ட், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்பு காலம், அவங்களுக்கு அது நவம்பர் கடைசி டிசம்பர்ல கரெக்டா வந்து விழும். நமக்கு வருஷம் ஜனவரியில ஆரம்பிக்குது. கல்வி அமைச்சான எம்ஓஇக்கு குடுக்கற ரிப்போர்ட், பிரைமரி 4ல வர்ற டெஸ்ட், செப்டம்பர் கடைசியில ஆரம்பிக்கற பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு, நவம்பர் டிசம்பர்ல சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்களுக்கு லீவு, எல்லாமே ஜனவரி கணக்கு தான். 2024ஐயே எடுத்துக்கோங்க. ஜனவரி 1ஆம் தேதி வாரத்துல தொடங்கி லீவு விடாம போனா வாரம் 13 எங்க வருதுன்னு காலண்டரை பாருங்க. மார்ச் 25. அதுக்கு முந்தின நாள் குருத்தோலை ஞாயிறு, அந்த வெள்ளி பெரிய வெள்ளி, 31ஆம் தேதி ஈஸ்டர். பரிசுத்த வாரத்து திங்கட்கிழமை காலைல பாடப் பக்கங்கள் இருக்கற பைண்டரை திறந்தா "இன்று முதல் அட்வென்ட் மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள், குழந்தை இயேசுவுக்காக காத்திருப்போம்"னு இருக்கு. உயிர்த்தெழுதல் பாடம் ஜூலைல வருது, பக்கத்து ப்ளாக்ல நேஷனல் டேக்கு கொடி கட்ட ஆரம்பிக்கற நேரத்துல!

பக்கத்த தள்ளிட்டு போயிட வேண்டியது தானேன்னு சொல்றவங்களுக்கு: முடியாது. அதுதான் என் புகாரே. அந்த நாலு வாரத்துக்குள்ள கணக்கும் சயின்ஸும் எழுத்து வேலையும் எல்லாத்தையும் அட்வென்ட்லயே கட்டி வச்சிருக்காங்க. தேன்மெழுகு ஷீட்ட சுருட்டி நாலு மெழுகுவர்த்தி செய்யணும், மூணு ஊதா ஒண்ணு ரோஸ். ஒவ்வொரு ஞாயிறும் ஒண்ணு கூடுதலா ஏத்தணும். முதல் வர்த்தி நாலு வாரம் எரியும், கடைசி வர்த்தி ஒரு வாரம் தான் எரியும், அதனால கிறிஸ்துமஸ் வரும்போது நாலும் நாலு உயரத்துல படிக்கட்டு மாதிரி நிக்கும். வாரா வாரம் உயரத்தை அளந்து கிராஃப் போடணும். அந்த கிராஃபுக்கு மேல தான் வாரம் 17ல புது கணக்கு ஆரம்பிக்குது. அந்த டம்ளர் பரிசோதனையும் அதே மெழுகுவர்த்தில தான். இந்த நாலு வாரத்த உருவினா பின்னாடி உள்ளதெல்லாம் தொங்கிப் போயிடுது.

பாடமா பாத்தா எவ்வளவு அழகான பாடம் பாருங்க. அதனால தான் கோபம் இன்னும் கூடுது.

முதல் வருஷம் புக்ல இருந்த வரிசைப்படியே போனோம். அப்ப சின்னவனுக்கு நாலு வயசு. லெந்து காலத்துல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, சபையில ஆல்டர் (பலிபீடம்) மேல ஊதா துணி போட்டிருப்பாங்கல்ல, வீட்ல டேபிள் மேல ஊதா மெழுகுவர்த்தி. ரெண்டும் ஒரே கலர். பெரிய வெள்ளி ஆராதனையில, சிலுவையில சொன்ன ஏழு வார்த்தை பிரசங்கம் நடந்துட்டு இருக்கு, இவன் என் காதுகிட்ட வந்து "அம்மா, குட்டி இயேசப்பா பொறக்க இன்னும் எத்தனை வாரம்?"னு கேட்டான். அவன் மேல என்ன தப்பு? ஊதான்னா காத்திருக்கறதுன்னு சரியா தான் புரிஞ்சிருக்கான். எதுக்காக காத்திருக்கோம்ங்கறத தான் அந்த பைண்டர் குழப்பி விட்டுச்சு.

எனக்கு இது சின்ன விஷயமா தெரியல. நாங்க ஏன் ஹோம்ஸ்கூல் எடுத்தோம்? பாடம் ஒரு பக்கம் விசுவாசம் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கக்கூடாதுன்னு தான். பிள்ளைங்க வீட்ல செய்யறதும் ஞாயித்துக்கிழமை சபையில பாக்கறதும் ஒண்ணா இருக்கணும். பண்டிகைக்குன்னு ஒரு காலம் இருக்கு, சபையே சேர்ந்து அந்த காலத்துக்குள்ள போகுது, பாட்டு மாறுது, துணி மாறுது, வீட்ல சமையல் கூட மாறுது, எங்க அத்தை லெந்துல நாப்பது நாளும் கவிச்சி தொட மாட்டாங்க. பாடம் அந்த காலத்து பின்னாடி வரணும். இங்க பாடத்து பின்னாடி பண்டிகைய இழுத்துட்டு வர்றாங்க. கிறிஸ்தவ பாடத்திட்டம்னு அட்டையில பெருசா போட்டுட்டு சபை காலண்டரை விட்டுட்டு பள்ளிக்கூட காலண்டர பிடிச்சிருக்காங்க, அதுவும் ஒரே ஒரு நாட்டு பள்ளிக்கூட காலண்டரை.

கம்பெனிக்கு ஈமெயில் போட்டேன். வாரத்துக்கு நம்பர் போடாம, "அட்வென்ட் பகுதி", "லெந்து பகுதி"ன்னு தனி கவரா குடுத்தா உலகத்துல எந்த நாட்டுக்காரங்களும் அவங்கவங்க நேரத்துக்கு எடுத்துக்கலாமேன்னு விளக்கமா எழுதினேன். எங்க பாடத்திட்டம் உங்க குடும்பத்துக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்கும், இஷ்டப்படி மாத்திக்கோங்கன்னு ரெண்டு வரி பதில். போன மாசம் புது எடிஷன் வாங்கின ஒரு சிஸ்டர் வீட்ல பாத்தேன், அட்டை மாறியிருக்கு, படம் எல்லாம் புதுசு, அட்வென்ட் அதே வாரம் 13.

ரெண்டாவது வருஷத்துலேர்ந்து நானே பிரிச்சு அடுக்கிட்டேன், வீட்டுக்காரர் கூட உக்காந்து ஒரு ராத்திரி முழுக்க பைண்டர் கம்பிய திறந்து பக்கம் பக்கமா மாத்தினோம். கிராஃப் பாடத்தை மட்டும் ஐஸ்கட்டி உருகற அளவு வச்சு மார்ச்லயே முடிச்சோம், மெழுகுவர்த்திய டிசம்பருக்கு தூக்கி வச்சோம். அந்த டிசம்பர்ல ஒரு விஷயம் நடந்துச்சு, இதை சொல்லாம விட முடியாது. அதே பகுதில சூரியன் எத்தனை மணிக்கு மறையுதுன்னு தினம் குறிக்கற வேலை ஒண்ணு உண்டு, நாளுக்கு நாள் பகல் குறையும், இருட்டு கூடக்கூட நம்ம வெளிச்சமும் கூடுதுன்னு பிள்ளைங்க உணரணும்னு. சிங்கப்பூர்ல பகலோட நீளம் வருஷம் முழுக்க பத்து நிமிஷம் கூட மாறாது, இந்த பாடம் வேலைக்காகாதுன்னு தான் நினைச்சோம். மூத்தவ விடல, தினம் வெதர் ஆப்ல பாத்து குறிச்சுட்டே வந்தா. டிசம்பர் தொடக்கத்துல 6.50 தாண்டி மறைஞ்ச சூரியன் கிறிஸ்துமஸ் கிட்ட வரும்போது ஏழு மணிக்கு மேல மறையுது. அமெரிக்காவுல அப்ப பகல் குறைஞ்சுட்டே போகுது, இங்க லேட்டா இருட்டுது! காலைல விடியறதும் அதே அளவு தள்ளிப் போகுது, அதனால பகல் நீளம் அப்படியே இருக்கு. ஏன்னு தேடி, பூமி சூரியனை சுத்தற பாதை சரியான வட்டம் இல்ல, பூமியோட அச்சும் சாஞ்சிருக்கு, அதனால சூரியன் உச்சிக்கு வர்ற நேரமே வருஷத்துல முன்ன பின்ன நகருதுன்னு அப்பாவும் பொண்ணும் ஆரஞ்சு பழத்தை வச்சு டேபிள்ல சுத்திட்டு இருந்தாங்க. சரியான மாசத்துல செஞ்சதால கிடைச்ச பாடம் அது. மார்ச்ல செஞ்சிருந்தா வந்திருக்காது.

தேன்மெழுகு பத்தி ஒண்ணு. ஷீட்ட ஹேர்டிரையர்ல சூடு பண்ணிட்டு சுருட்டச் சொல்லி போட்டிருக்கும், நம்ம ஊருக்கு தேவையே இல்ல, கவரை பிரிச்ச உடனே சுருட்டலாம், வெடிக்காம வரும். ஆனா மதியம் ஜன்னல் கிட்ட வைக்காதீங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

லெந்து பகுதி சுமார். குருத்தோலை சிலுவைக்கு பச்சை பேப்பர் குடுத்திருக்காங்க. லிட்டில் இந்தியா தேக்கால சொல்லி வச்சா நிஜ குருத்தோலையே கிடைக்கும், அத்தை ஓலைய நகத்தால கிழிச்சு, நடுவுல மடிச்சு, குறுக்க செருகி ஒரு நிமிஷத்துல சிலுவை செய்வாங்க, தமிழ்நாட்டுல நாசரேத்ங்கற ஊர்ல சின்ன வயசுல பழகினது. பேப்பரை தூக்கிப் போட்டுட்டோம்.

இன்ச், பவுண்டு, இலையுதிர் காலம் எல்லாம் சமாளிச்சுக்கலாம். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரம் இலை சிவந்து கொட்டறப்ப கீழ போய் பொறுக்கிட்டு வந்தா இலையுதிர் காலப் பாடம் முடிஞ்சது. தமிழ் இந்த பாக்ஸ்ல கிடையாது, அதை அவங்ககிட்ட எதிர்பாக்கவும் முடியாது. ஆனா பிஎஸ்எல்இல தமிழ் உண்டுங்கறத மறந்துடாதீங்க. சாயங்கால குடும்ப ஜெபத்துல பிள்ளைங்க மாறி மாறி வேதம் வாசிக்கறதால தடங்கல் இல்லாம வாசிக்க வந்துடுச்சு, பேச்சுத் தேர்வுக்கு அந்த நடை போதாது, அதுக்கு தமிழ் முரசு செய்திய வாசிச்சுட்டு அதைப் பத்தி பேச வைக்கறோம். சபை வரலாறு அட்டைல ஐரோப்பா முழுக்க இருக்கு, தரங்கம்பாடி இல்ல. 1706ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அங்க வந்து இறங்கினது, 1715ல தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி வந்ததுன்னு நாங்களே ஒரு அட்டை எழுதி செருகிட்டோம்.

வாங்கலாமான்னு கேட்டா, வேண்டாம்னு தான் சொல்வேன். இவ்வளவு புகழ்ந்துட்டு ஏன்னு கேப்பீங்க. கட்டை தனியா கிடைக்குது, அதை வாங்குங்க, கண்ணை மூடிட்டு வாங்குங்க. முழு பாக்ஸ் வேண்டாம். விலை குறைஞ்சாலும் ஷிப்பிங்கும் 9% ஜிஎஸ்டியும் சேர்ந்தா பழைய விலைக்கு பக்கத்துல வந்துடும். அதை விட, விசுவாசத்தை மையமா வச்சிருக்கோம்னு சொல்றவங்க பண்டிகைய நேரம் தப்பி குடுக்கறதை, எடுத்துச் சொன்ன பிறகும் மாத்தாம புது அட்டை போட்டு விக்கறதை என்னால ஏத்துக்க முடியல. நாளைக்கே மாத்தினாங்கன்னா நானே எல்லாருக்கும் லிங்க் அனுப்புவேன்.

புதுசா ஆரம்பிக்கறவங்க ஒண்ணு கவனிங்க, எந்த பாக்ஸ் வாங்கினாலும் 2003லேர்ந்து கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கு, பள்ளிக்கூடம் அனுப்பறதுலேர்ந்து எம்ஓஇகிட்ட விலக்கு வாங்கணும், பாடத்திட்டம் எழுதிக் குடுக்கணும், பிஎஸ்எல்இல 33வது பெர்சென்டைல் (எழுதின நூறு பேர்ல சுமார் 33 பேரை தாண்டற மார்க்) எட்டணும். பாக்ஸோட கைடை அப்படியே குடுத்தா போதும்னு நினைக்காதீங்க, நம்ம சிலபஸோட ஒவ்வொரு தலைப்பா ஒப்பிட்டு எழுதுங்க.

ஏற்கனவே காசு கட்டிட்டவங்க, பெட்டி வந்ததும் பிள்ளைங்க கைல குடுக்கறதுக்கு முன்னாடி வாரம் 13லேர்ந்து 16 வரைக்கும் உருவி "நவம்பர்"னு எழுதின கவர்ல போடுங்க, மெழுகு ஷீட்டையும் அதுலயே போட்டு வெயில் படாத அலமாரில வைங்க. லெந்து பக்கங்களை, லெந்து தொடங்கற சாம்பல் புதன் எந்த வாரத்துல வருதுன்னு பாத்து அங்க செருகுங்க. கிராஃபுக்கு ஐஸ்கட்டி போதும், எப்படி செய்யறதுன்னு நான் எழுதி வச்ச பேப்பர் இருக்கு, வேணும்னா கேளுங்க அனுப்பறேன்.