வரலாற்று நோட்ஸ்: எட்வர்ட் கோக் பகுதிக்காக வாங்கலாம்

மட்டக்களப்பு டவுனில் ஒரு புத்தகக் கடையில் மகளின் உயர்தரப் படிப்புக்காக வாங்கிய ஐரோப்பிய வரலாற்று நோட்ஸ் இது. டியூடர் மன்னர்கள் பகுதி சுமார்தான், ஆண்டுகளை அடுக்கிவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஆனால் ஆங்கிலேயச் சட்டத்தரணி எட்வர்ட் கோக் பற்றிய பக்கங்கள் அருமை. 1593இல் முதலாம் எலிசபெத் அரசி காலத்து இங்கிலாந்துப் பாராளுமன்றப் பொதுச்சபையின் சபாநாயகர், அப்புறம் சட்டமா அதிபர், 1603இல் ராஜத்துரோக வழக்கில் நின்ற கடலோடி வால்டர் றாலியை நீதிமன்றத்திலேயே கேவலமாகத் திட்டியவர்; அப்படி அரசரின் ஆளாக இருந்த மனுசன் 1616இல் பிரதம நீதியரசர் பதவியைப் பறிகொடுத்து, 1621 கடைசியில் லண்டன் கோபுரத்தில் அடைபட்டு, எழுபது வயது தாண்டியும் 1628இல் உரிமை மனுவுக்காக மன்னர் முதலாம் சார்ள்ஸுடன் மல்லுக்கு நின்றாராம். றாலி விஷயத்தை மூடி மறைக்காமல் எழுதியது எனக்குப் பிடித்தது. காரணம் காட்டாமல் ஆளைச் சிறையில் வைக்கக்கூடாது, பாராளுமன்றம் சம்மதிக்காமல் வரி கேட்கக்கூடாது என்பவை அந்த மனுவில் இருந்தன. முதலாவதை நம்மூர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை.

அச்சுத்தான் படுமோசம். போட்டோகொப்பியையே திரும்பக் கொப்பி எடுத்த மாதிரி மங்கல், பைண்டிங்கும் சீக்கிரமே விட்டுவிட்டது, விலையோ கூட. வாங்குபவர்கள் காசு கொடுக்க முன்னம் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், மங்கலாக இருந்தால் கேளுங்கள், வேறு பிரதி மாற்றித் தருகிறார்கள்.