கிம் கேம்ப்பெலா, அலெக்சா மெக்டொனாவா? ஒட்டாவாவுக்குப் போன இரண்டு வழி

கனடாவின் ஒரே பெண் பிரதமர் இன்றுவரை கிம் கேம்ப்பெல்தான். அதனால் அந்த நாட்டுப் பெண் அரசியல்வாதிகள் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் அவர் பெயர்தான் வரும். ஆனால் மாகாணத்தில் ஆரம்பித்து தலைநகர் ஒட்டாவா வரை போனவர்கள் என்று எடுத்துக்கொண்டால், பக்கத்தில் புதிய ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த அலெக்சா மெக்டொனாவையும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கேம்ப்பெல் போனது எக்ஸ்பிரஸ் வண்டி. 1986-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சோஷியல் கிரெடிட் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டு, மொத்தமே 14 ஓட்டு வாங்கிக் கடைசியாக வந்தார். அதே வருஷம் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார், கருக்கலைப்பு விஷயத்தில் தன் கட்சி முதல்வரோடேயே முட்டிக்கொண்டார், 1988-ல் கன்சர்வேட்டிவ் வேட்பாளராக நாடாளுமன்றத்துக்குப் போனார். 1990-ல் நீதி அமைச்சர். 1993 ஜூனில் பிரதமர். பதினாலு ஓட்டிலிருந்து அந்த நாற்காலிக்கு ஏழே வருஷம்!

மெக்டொனா போனது பாசஞ்சர். ஹாலிஃபாக்ஸில் சமூகப் பணியாளராக இருந்தவர், 1979, 1980 இரண்டு மத்தியத் தேர்தலிலும் நின்று தோற்றார். 1980 கடைசியில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் புதிய ஜனநாயகக் கட்சிக்குத் தலைவரானார். மறுவருஷம் சட்டமன்றத்துக்குப் போனால், சபையில் அவர் கட்சிக்கு அவர் ஒருவர்தான், அந்தச் சபைக்கே பெண் என்றும் அவர் ஒருவர்தான். உறுப்பினர்களுக்கு என்று இருந்த கழிப்பறை ஆண்களுக்கு மட்டும். தலைவரம்மா பொது ஜனங்களோடு வரிசையில் நின்று போய்விட்டு வர வேண்டும். மாகாணக் கட்சித் தலைவராகவே பதினாலு வருஷம். அத்தனை வருஷத்திலும் கட்சி மூன்று இடத்தைத் தாண்டவில்லை. வேறு யாராவது என்றால் எப்போதோ கடையைக் கட்டியிருப்பார்கள்.

இரண்டு கதையும் சந்திக்கிற இடம் 1993 அக்டோபர் 25. அன்றைக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 2 இடத்துக்கு வந்தது (முந்தைய தேர்தலில் 169), கேம்ப்பெல் தன் தொகுதியிலேயே தோற்றார். அதே நாளில் புதிய ஜனநாயகக் கட்சியும் 43-லிருந்து 9-க்கு விழுந்தது. 12 இடமாவது இருந்தால்தான் நாடாளுமன்றத்தில் கட்சி என்ற அங்கீகாரமே கிடைக்கும், இரண்டுக்கும் அது போச்சு. கேம்ப்பெல் கையில் கட்சி வந்தது வீடு இடிவதற்கு நாலு மாசம் முன்னால், மெக்டொனா கையில் தேசிய அளவில் கட்சி வந்தது இடிந்து இரண்டு வருஷம் கழித்து, 1995-ல். என்னைக் கேட்டால், இந்த இரண்டு பேரின் கணக்கில் பாதி இந்தத் தேதி வித்தியாசம்தான்.

கேம்ப்பெல் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. எதிரணி லிபரல் தலைவர் கிரெட்டியனின் கோணிய வாயைக் காட்டி கேம்ப்பெலின் கட்சி போட்ட விளம்பரம் ஊரையே முகம் சுளிக்க வைத்தது. அதை நிறுத்தச் சொன்னவர் கேம்ப்பெல்தான், ஆனாலும் பழி அவர் தலையில்தான் விழுந்தது. ஆனால் முந்தைய பிரதமர் மல்ரோனி ஒன்பது வருஷம் சேர்த்து வைத்த கோபத்தையும் அவர் தலையில் கட்டியது அநியாயம். நீதி அமைச்சராக அவர் கொண்டு வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பாலியல் வழக்குகளில் சம்மதம் என்றால் என்ன என்று வரையறுத்த 1992 சட்டம், இதெல்லாம் அவருடைய 132 நாள் பிரதமர் பதவியைவிடப் பெரிய விஷயம். யாரும் பேசுவதில்லை.

மெக்டொனாவுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளச் சட்டம் ஒன்றும் இல்லை, ஆட்சியிலேயே உட்காராதவர். ஆனால் 1997-ல் நாடாளுமன்றத்தில் கட்சி 21 இடம் பிடித்தது. அதில் 8 கிழக்குக் கடலோர அட்லாண்டிக் மாகாணங்களில், அதிலும் 6 அவருடைய நோவா ஸ்கோஷியாவில். பதினாலு வருஷம் மாகாணத்தில் கத்தியதற்கு வட்டியோடு வந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். 2000-ல் 13-க்கு இறங்கியது, அதுவும் நிஜம்.

சட்டம் வேண்டும் என்றால் கேம்ப்பெல், கட்சி வேண்டும் என்றால் மெக்டொனா. எனக்கு இரண்டாமவர். 2009 ஜூனில் நோவா ஸ்கோஷியாவில் புதிய ஜனநாயகக் கட்சி முதல் தடவையாக ஆட்சியைப் பிடித்தபோது, அவர் தேர்தல் அரசியலை விட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.