அயனாவரம் மனநல ஆஸ்பத்திரி ஓபி: தம்பிய கூட்டிட்டு போன அனுபவம்

5 ஸ்டார். கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகம், அதான் ஸ்கூல்ல இருந்து எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் திட்டுறதுக்கு "கீழ்ப்பாக்கம்"னு சொல்றோமே அதே இடம்தான். இருக்குறது அயனாவரம் பக்கம் மேடவாக்கம் டேங்க் ரோட்ல. எங்க வீடு வியாசர்பாடி, ஓட்டேரி வழியா ஆட்டோல போனா ரொம்ப நேரம் ஆகாது, ஆனா போய் சேர எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு.

தம்பிக்கு 23 வயசு, திடீர்னு வேலைக்கு போறத நிறுத்திட்டான், ராத்திரி முழுக்க தூங்காம ஜன்னல சாத்திட்டு "மாடில நின்னு என்ன பத்திதான் பேசுறாங்க"ன்னு சொல்லுவான், மாடில யாருமே இருக்க மாட்டாங்க. மொதல்ல தாயத்து, அப்புறம் ஏரியால ஒரு கிளினிக், அங்க தூக்க மாத்திரை எழுதி குடுத்துட்டு ஒரு கல்யாணத்த பண்ணி வைங்க சரியாயிடும்னாங்க. நான் கீழ்ப்பாக்கம்னு வாயெடுத்தாலே அம்மா அழுவாங்க, "அந்த எடத்துக்கு இட்டுனு போனேன்னு தெரிஞ்சா பாப்பாவ எவன்டா பொண்ணு கேட்டு வருவான்". அம்மாவ தப்பு சொல்ல மாட்டேன், அந்த பயம் நிஜம்.

கடைசில சொந்தக்காரர் ஒருத்தர் வந்து எங்கயாவது கோயில்ல கட்டி வச்சா தெளிஞ்சிடும்னு சொன்னாரு, அன்னிக்குதான் நான் முடிவு பண்ணேன். 2001ல ஏர்வாடில மனநலம் சரியில்லாதவங்கள சங்கிலில கட்டிப்போட்டு 28 பேர் தீயில ஓட முடியாம செத்தாங்க, அது எப்படிங்க மறக்கும். இப்ப 2017 மனநல சட்டப்படி யாரையும் சங்கிலில கட்டவே கூடாது, இது நம்ம ஜனங்க நெறய பேருக்கு தெரியல.

சரி, ஓபி பத்தி. காலைலயே போயிடுங்க, சீட்டு போடணும், காசு கிடையாது. 1794ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, உள்ள போனா மரமும் நிழலுமா பெரிய இடம், நான் மனசுல வச்சிருந்த கம்பியும் கூச்சலும் எதுவும் இல்ல. வரிசைல நம்மள மாதிரிதான் எல்லாரும், மீன்பாடி வண்டி ஓட்டுறவரு, காலேஜ் பொண்ணு, கைக்குழந்தையோட ஒரு அக்கா.

எனக்கு ரொம்ப புடிச்சது ஒண்ணு. உள்ள போனதும் அம்மா படபடன்னு பேச ஆரம்பிச்சாங்க, டாக்டர் மேடம் கைய காட்டி நிறுத்திட்டு "இருங்கம்மா, தம்பி சொல்லட்டும்"னாங்க. அவன் தலைய குனிஞ்சு சட்டை பட்டன திருகிட்டே இருந்தான், அவங்க அவசரப்படுத்தவே இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு "குரல் கேக்குது மேடம்"னான். எட்டு மாசத்துல அவன்கிட்ட யாருமே என்னடா கேக்குதுன்னு கேட்டதில்ல, நானும்தான். அவங்க என்ன சொல்லுதுன்னு கேட்டாங்க, எப்பல்லாம் வருதுன்னு கேட்டாங்க, அதுக்கப்புறம்தான் எங்க பக்கம் திரும்பினாங்க.

மாத்திரை அங்கயே ஃப்ரீயா குடுக்குறாங்க. ஒரு விஷயம் நல்லா கேட்டுக்கோங்க, ரெண்டு நாள்ல எதுவும் மாறாது, வாரக்கணக்குல ஆகும், கொஞ்சம் தெளிஞ்சதும் நாமளா நிறுத்தவும் கூடாது. தம்பிக்கு பகல்லயும் தூக்கம், கை நடுக்கம் வந்துச்சு, அடுத்த தடவை போய் சொன்னதும் டோஸ மாத்தி குடுத்தாங்க. சைடு எஃபெக்ட்டுனு பயந்து வீட்டுலயே இருந்துடாதீங்க, போய் சொல்லுங்க.

குணமானவங்க வேலை செய்யற கஃபே ஒண்ணும் உள்ளயே இருக்கு. டீ குடுத்த அண்ணன் சில்லறைய ரெண்டு தடவை எண்ணி தம்பி கைல வச்சாரு. வெளிய வந்து தம்பி கேட்டான், "அவரும் மாத்திரை போட்டாரா ண்ணா?" போட்டிருப்பாருடான்னேன். அப்புறம் வீடு வர வரைக்கும் ஒண்ணும் பேசல, ஆனா ஆட்டோல வெளிய வேடிக்க பாத்துட்டே வந்தான், ரொம்ப நாள் கழிச்சு.

நேர்ல போக தைரியம் வரலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

மொதல்ல அம்மா மாத்திரைய அரிசி டின்னுக்குள்ள மறைச்சு வச்சிருந்தாங்க, யாராவது வந்தா பாத்துடுவாங்கன்னு. இப்ப டிவி மேலயே இருக்கு. டெய்லி காலண்டர் தாள்ல ராத்திரி ஒரு டிக் போடுறாங்க, போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா இன்னா அதுன்னு கேட்டப்ப "சின்னவனுக்கு மாத்திரை, கீழ்ப்பாக்கத்துல பாக்குறோம்"னு அவங்களே சொன்னாங்க. அந்த அக்கா கொஞ்ச நேரம் நின்னுட்டு, எத்தன மணிக்கு சீட்டு போடணும்னு கேட்டுட்டு போனாங்க.