பேர்போன பிளட்லைனா, கண்ணால் பார்த்த தாயா?

இரண்டு பிட்புல் நாய்க்குட்டிகளை ஒரே வாரத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்று, பேர்போன பிளட்லைனில், அதாவது வம்ச வரிசையில், வந்த நீலச் சாம்பல் நிறக் கடுவன். இன்னொன்று புலிவரிப் பெட்டை. அதன் முன்னோர் பெயர்களைச் சொல்லும் பெடிகிரி தாளில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. பெட்டையைத்தான் எடுத்தேன். நாலு வருஷம் ஆகிறது. பிட்புல் குட்டி தேடும் யாருக்காவது உதவட்டும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிட்புல் என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே இனம் கிடையாது. அமெரிக்காவில் 1898இல் தொடங்கிய யுனைடெட் கென்னல் கிளப் என்ற நாய் இனப் பதிவுச் சங்கம் முதன்முதலில் பதிவு செய்த இனமே அமெரிக்கன் பிட்புல் டெரியர். அதே வேரிலிருந்து வந்த நாய்களை அமெரிக்கன் கென்னல் கிளப் 1936இல் வேறு பெயரில் சேர்த்துக்கொண்டது. இன்றைய ஆம்ஸ்டாஃப் (அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர்) அதுதான். அகன்ற மார்பும் குட்டைக் கால்களுமாக நிற்பது அமெரிக்கன் புல்லி. 2013இல் அதை யுனைடெட் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. கோல்பி, ஓல்ட் ஃபேமிலி ரெட் நோஸ் இரண்டும் பழைய பிட்புல் வரிசைகள். ரேசர்ஸ் எட்ஜ், காட்டி இரண்டும் புல்லியோடு சேர்ந்தவை. ஒரே குட்டியின் தாளில் இந்த இரண்டு வகையும் கலந்திருந்தும் "அசல் பிட்புல்" என்று சொன்னால் நிதானமாக விசாரியுங்கள். எடையும் காட்டிக்கொடுக்கும். இனத்துக்கான தரக்குறிப்பின்படி பிட்புல் கடுவன் ஏறக்குறைய 16 முதல் 27 கிலோ, பெட்டை 14 முதல் 23 கிலோ. "அப்பன் ஐம்பது கிலோ" என்று பெருமைப்பட்டால் அங்கே நிற்பது வேறு நாய்.

சரி, அந்தப் பேர்போன பிளட்லைன். தாளை விரித்ததும் அந்தப் புகழ்பெற்ற நாயின் பெயரைத்தான் முதலில் தொட்டுக் காட்டினார்கள். ஐந்தாவது தலைமுறையில், ஒரே ஒரு முறை. அந்தத் தலைமுறையில் மொத்தம் 32 முன்னோர்கள் இருப்பார்கள். அப்படியானால் குட்டியின் உடம்பில் அந்த நாயின் பங்கு சராசரியாக 3 சதவீதம்தான். கூடுதல் விலை கேட்டது அந்த 3 சதவீதத்துக்காக. அதே பெயர் தாளில் நாலைந்து இடங்களில் வந்தால் கதை மாறும். அதை லைன்பிரீடிங் என்பார்கள். வேண்டுமென்றே ஒரு நாயின் குணத்தை இறுக்கிப் பிடிப்பது. நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே இறுகும். அப்பன் மட்டும் ஒன்றாக, தாய் வேறாக இருக்கும் இரண்டை இணைத்தால் குட்டியின் இன்பிரீடிங் (நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பு) அளவு 12.5 சதவீதம்; கூடப்பிறந்தவற்றையே இணைத்தால் 25. தாளில் பெயர்களைப் படிப்பதைவிட, எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது முக்கியம்.

இதெல்லாம் கணக்கு. என் முடிவைத் தீர்மானித்தது தோல்.

இந்த இனத்தில் ஆளைச் சோர்வடைய வைப்பது பெரும்பாலும் தோல்தான். அலர்ஜி அரிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். எட்டு வாரக் குட்டியின் தோல் எப்படியும் பட்டுப்போலத்தான் இருக்கும். அதைத் தடவிப் பார்த்து ஒன்றும் தெரியாது. வந்துவிட்டால் முழுசாகத் தீராது. ஆயுசுக்கும் மருந்து, தீவனக் கட்டுப்பாடு, காது கழுவல், ராத்திரி முழுக்கப் பாதத்தை நக்கும் சத்தம். ஆகவே பார்க்க வேண்டியது குட்டியின் தாயை, முடிந்தால் பாட்டியை.

கடுவன் இருந்த முதல் இடத்தில் தாய் "வேறொரு இடத்தில் இருக்கிறது" என்றார்கள், வீடியோ காட்டினார்கள். அப்பன் மட்டும் இருந்தது. அழகான நாய், மறுக்கவே முடியாது. அதன் வெள்ளைப் பாதத்தில் விரல்களுக்கு நடுவே முடி துரு நிறத்தில் இருந்தது. ஓயாமல் நக்கினால் எச்சில் பட்டுப் பட்டு முடி அப்படி நிறம் மாறும். காதருகே குனிந்தபோது புளித்த வாடை. நிறத்தைப் பற்றியும் கேட்டேன். நீல நிறம் என்பது கறுப்பு நீர்த்துப்போவது. அப்படிப்பட்ட சில நாய்களுக்கு வளரவளர முதுகில் முடி மெலிந்து உதிரும். எல்லா நீல நாய்களுக்கும் வராது. ஆனால் "அதெல்லாம் சும்மா பேச்சு" என்று பதில் வந்ததும் எனக்கு மனசு விட்டுப்போனது.

இரண்டாவது இடத்தில் நான் கேட்கும் முன்பே தாய் வந்து கால்மேல் சாய்ந்து நின்றது. "காலைத் தூக்கிப் பாருங்க, ஒண்ணும் செய்யாது" என்றார் அங்கே நாய்களை வளர்க்கும் அம்மா. விரலிடுக்கு சுத்தம், அக்குள் சிவக்கவில்லை, காதில் வாடை இல்லை. திண்ணையில் எட்டு வயதுப் பாட்டி படுத்திருந்தது. வயிற்றுத் தோலைக் கையால் நீவிப் பார்த்தேன், தடிப்போ கறுப்போ இல்லை. முன்பின் தெரியாத என்னை இரண்டு நாய்களும் அமைதியாகத் தொடவிட்டதையும் குறித்துக்கொண்டேன். மனிதரிடம் சீறுவதும் மிரண்டு ஒதுங்குவதும் இந்த இனத்தில் குறை.

மற்ற பரிசோதனைகளைப் பலரும் எழுதிவிட்டார்கள். இடுப்பு மூட்டு எக்ஸ்ரே (முடிவான சான்று இரண்டு வயதுக்கு மேல்தான்), இதயம், ஆம்ஸ்டாஃப் ரத்தம் இருந்தால் மூன்று முதல் ஐந்து வயதில் நடை தள்ளாட வைக்கும் அட்டாக்சியாவுக்கான மரபணுச் சோதனை. பெட்டையின் பெற்றோருக்கு மூன்றும் இருந்தன. கடுவன் பக்கம் தடுப்பூசி அட்டை மட்டும்.

கடுவனுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். துணிச்சலும் உடற்கட்டும் அதற்குத்தான் கூடுதல். நாய்க் கண்காட்சி ஷோவுக்கு எடுப்பவர்களுக்குப் பெயருள்ள பெடிகிரியின் மதிப்பு வேறாக இருக்கலாம். நான் ஷோ பக்கம் போனதில்லை. இரண்டு நாய்களைச் சேர்த்து வளர்த்த அனுபவமும் எனக்குக் கிடையாது. நாட்டுச் சட்டத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் 1991லிருந்தே இந்த இனத்துக்குத் தடை.

என் பெட்டைக்கும் தோல் பிரச்சினை வரவேயில்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்தாவது மாதம் மூக்கோரம் ஒரு காசளவு முடி கொட்டியது. டாக்டர் தோலைச் சுரண்டிப் பார்த்து, தோலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி என்றார். சின்ன இடமாக இருந்தால் பெரும்பாலும் தானாக ஆறும், உடம்பெல்லாம் பரவினால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது என்றார். ஆறு வாரத்தில் முடி முளைத்துவிட்டது. அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். படம் அனுப்பச் சொல்லித் தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டார். தாயை மறுபடி சினைக்கு விடுவதற்கு முன், அதே ஈத்தில் குட்டி வாங்கிப்போன மற்ற ஐந்து வீடுகளையும் கூப்பிட்டு ஒவ்வொன்றின் தோலையும் விசாரித்திருக்கிறார்.