தோபா ஏரி: பேக்கேஜில் போனால் பாதி ஏரிதான்

ஏரிக்கு ஐந்துக்கு ஐந்து. நாங்கள் போன பேக்கேஜுக்கு இரண்டு, அதுவும் டிரைவர் தங்கமான மனுசன் என்பதால். பாலிக்கு ஒரு நடை போய்விட்டு வந்து "அடுத்து எங்கீங்க போலாம்" என்று கேட்கிற ஒறம்பரைகளுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

தோபா இருப்பது இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில். அது என்ன ஏரி என்று தெரிந்துகொண்டு போனால்தான் ருசி, இல்லாவிட்டால் பெரிய டேம் மாதிரித் தெரியும், போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே வெடித்தது சாதாரண எரிமலை இல்லை, கடந்த 20 லட்சம் ஆண்டுகளில் உலகம் கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. பூமிக்குள் இருந்த பாறைக்குழம்பு வெளியே போனதும் மேலே இருந்த தரை அப்படியே உள்வாங்கிவிட்டது, அந்தக் குழியில் தண்ணீர் நிறைந்ததுதான் இந்த ஏரி. நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30, ஆழமான இடத்தில் 500 மீட்டருக்கு மேல். அதோடு விடவில்லை, அடியில் மறுபடியும் குழம்பு ஏறி ஏரியின் தரையையே மேலே தூக்கியிருக்கிறது. நடுவில் இருக்கிற சமோசிர் தீவு உண்டானது அப்படித்தான், தீவின் மேட்டில் இன்றைக்கும் பழைய ஏரிப் படிவுகள் கிடக்கின்றன. தீவு என்றதும் நம்ம ஊர் குளத்து நடுத்திட்டை நினைக்காதீர்கள், சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அந்த வெடிப்பின் சாம்பல் இந்தியா வரைக்கும் வந்து விழுந்தது. ஆந்திராவில் ஜுவாலாபுரம் என்ற இடத்தில் அந்தச் சாம்பல் படிவுக்குக் கீழேயும் மேலேயும் கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன, அதாவது அதற்குப் பிறகும் அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். 2020ல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. இதில் ஒரு வரியைக்கூட எங்கள் கைடு சொல்லவில்லை.

சரி, பேக்கேஜ் விஷயத்துக்கு வருகிறேன். ஏற்பாடு செய்தது மச்சான், எங்கள் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் மூலமாக, பெயர் வேண்டாம். திட்டம் என்னவென்றால் விமானம் இறங்குகிற மேடான் நகரத்தில் ஊர் சுற்றல், பெராஸ்தாகி என்ற மலையூரில் ஒரு ராத்திரி, அப்புறம் ஏரிக்கு இந்தக் கரையில் இருக்கிற பராபட்டில் தங்கல், மறுநாள் போட்டில் தீவுக்குப் போய் தோமோக், அம்பாரிதா இரண்டையும் மதியத்துக்குள் முடித்துவிட்டுத் திரும்பல். தோமோக்கில் இறங்கினால் ஒரு பழைய ராஜா சமாதி இருக்கிறது, அதற்குப் போகிற வழி நெடுக பொம்மை, டீசர்ட், பர்ஸ் கடைகள். சமாதியில் பத்து நிமிடம், கடைவீதியில் ஒரு மணி நேரம். என் மாமியார் வெயிலில் நின்று நின்று பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ள, இந்தப் பர்ஸு வாங்கவா கடல் தாண்டி வந்தோம்?" என்று கேட்டார். கைடு சிரித்துக்கொண்டே அடுத்த கடையைக் காட்டினார். மேற்குப் பக்கத்துச் சுடுநீர் ஊற்று, ஹோல்புங் குன்று, அருவிகள், தறிக்காரர்கள் ஊர் எதுவுமே பேக்கேஜில் இல்லை. கேட்டால் "டைம் இல்லைங்க சார்". கேக் கடைக்கு மட்டும் டைம் இருந்தது.

நானும் வீட்டுக்காரியும் கூட்டத்தோடு திரும்பாமல் தீவில் துக்துக் என்ற இடத்தில் தங்கிவிட்டோம். உண்மையான தோபா அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. இனி நான் சொல்வதெல்லாம் தனியாகப் போகிறவர்களுக்கு.

வழி: கோயம்புத்தூரில் இருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, அங்கிருந்து மேடான் ஒன்றரை மணி நேரத்துக்குள். இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், வெளியே வர நமக்கு சிங்கப்பூர் விசா வேண்டும், இது தெரியாமல் ஏர்போர்ட்டில் கைபிசைந்து நிற்பவர்கள் உண்டு. இந்தோனேசிய விசா மேடானில் இறங்கியே வாங்கலாம், 5,00,000 ருபியா, 30 நாள். தொகையைப் பார்த்து மிரள வேண்டாம், ஒரு லட்சம் ருபியா என்றால் நம்ம காசுக்கு ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம்தான்.

மேடானில் இருந்து பராபட்டுக்கு நேராகப் போனால் காரில் நான்கைந்து மணி நேரம். பெராஸ்தாகி வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் நேரம் கூடும், ஆனால் அந்த வழியில்தான் சிபிசோபிசோ அருவி வருகிறது, ஏரியின் வடக்கு முனையில், தோங்கிங் ஊருக்கு மேலே. பேக்கேஜில் எனக்குப் பிடித்த ஒரே நிறுத்தம். சுமார் 120 மீட்டர் உயரம். அதன் விசேஷம் உயரம் இல்லை. ஆறு விளிம்பில் வந்து கவிழ்வதில்லை, பீடபூமிக்கு அடியிலேயே ஓடி வந்து குழிச்சுவரின் நடுவில் ஒரு பொத்தலில் இருந்து பீய்ச்சிக்கொண்டு விழுகிறது. மேலே நின்று பார்த்தால் இடது பக்கம் அருவி, வலது பக்கம் ஏரி முழுக்க. கீழே போகப் படி இருக்கிறது, இறங்குவது சுலபம், ஏறும்போது முட்டி கழன்றுவிடும், மூட்டுவலிக்காரர்கள் மேலேயே நின்றுகொள்வது உத்தமம், காட்சியில் ஒன்றும் குறையாது. பெராஸ்தாகியில் இருந்து சினாபுங் எரிமலையும் தெரியும். நூற்றாண்டுக் கணக்கில் சும்மா கிடந்தது 2010ல் திடீரென்று முழித்துக்கொண்டு பத்து வருடம் ஊரைப் பாடாய்ப்படுத்தியிருக்கிறது. அந்தச் சாம்பல் மண்ணில் கோசும் கேரட்டும் விளைவதைப் பார்த்தால் நம்ம ஊட்டிக்காரர்களுக்கே பொறாமை வரும்.

படகு பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பராபட்டில் இருந்து துக்துக்குக்கு முக்கால் மணி நேரம், நம்மை அந்தந்த விடுதியின் படித்துறையிலேயே இறக்கிவிடுகிறார்கள், சுகமான பயணம். ஆனால் 2018 ஜூனில் இதே ஏரியில் தீவில் இருக்கிற சிமானிந்தோவில் இருந்து எதிர்க்கரை திகாராஸுக்குப் போன படகு அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக் கவிழ்ந்து 160 பேருக்கு மேல் காணாமல் போனார்கள். சுமார் 450 மீட்டர் ஆழத்தில் போய்க் கிடந்ததால் பெரும்பாலான உடல்களை எடுக்கவே முடியவில்லை. ஏரி பார்க்கக் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் அலை கடலாட்டம் வரும். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று ஏறியதும் கேளுங்கள், கூட்டம் பிதுங்கினால் அடுத்த படகுக்கு நில்லுங்கள்.

துக்துக் விடுதிகள் மலிவு, சுத்தம். ஏரியைப் பார்த்த அறையாகக் கேளுங்கள், வித்தியாசம் சொற்பம். தண்ணீர் மட்டமே கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரம், அதனால் ஏசி தேவையில்லை, வால்பாறைக் குளிர்தான், ராத்திரிக்கு ஒரு போர்வை போதும். ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், அங்கேயும் வண்டி இடதுபக்கம்தான் ஓடுகிறது என்பதால் நமக்குத் தடுமாற்றமில்லை. இன்டர்நேஷனல் பெர்மிட்டை நம்ம ஆர்டிஓ ஆபீசிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.

துக்துக்கில் இருந்து சிமானிந்தோ சுற்றிக்கொண்டு பங்குருரான் போகிற ரோடு முழுக்க ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் நெல்வயலும் செங்குத்து மலையும். வயலுக்கு நடுவே வீடு மாதிரி கட்டிய கல்லறைகள், குடியிருக்கிற வீட்டைவிடக் கல்லறை பெரிதாக இருக்கிறது சில இடத்தில். பங்குருரானில்தான் தீவு ஒரு காலத்தில் கரையோடு ஒட்டியிருந்ததாம், டச்சுக்காரர்கள் காலத்தில் கால்வாய் வெட்டியதும் முழுத்தீவாகிவிட்டது, இப்போது பாலம் இருக்கிறது. பாலம் தாண்டியதும் பூசுக் பூஹித் மலை, இந்த ஏரிப்பக்கத்துப் பூர்வகுடிகளான பத்தாக் மக்கள் தங்கள் ஆதி மூதாதை இறங்கிய இடமாகக் கும்பிடுகிற மலை. அதன் அடிவாரம் ஓரிடத்தில் சுண்ணாம்பு கொட்டியதுபோல் வெளுத்துப் புகைந்துகொண்டிருக்கிறது, அதுதான் சுடுநீர் ஊற்று. தண்ணீரைக் குழாயில் இறக்கித் தொட்டி கட்டி, பக்கத்திலேயே டீக்கடையும் போட்டிருக்கிறார்கள். கந்தக நாற்றம் முதல் ஐந்து நிமிடம்தான், அப்புறம் மூக்குக்குப் பழகிவிடும். மேல்தொட்டியில் காலை வைக்கவே முடியாது, கீழ்த்தொட்டிக்குப் போங்கள். வீட்டுக்காரி வெள்ளிக் கொலுசோடு இறங்கிவிட்டாள், பத்து நிமிடத்தில் கொலுசு கருகருவென்று ஆகிவிட்டது. கந்தகம் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். ஊருக்கு வந்து விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்தும் சந்து பொந்தில் இன்னும் கறுப்பு இருக்கிறது. வெள்ளி எதுவாக இருந்தாலும் கழற்றி அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து ஹரியான் பக்கம் போனால் எஃப்ராதா அருவி, சின்னதுதான், அகலமாக விரிந்து விழும், கூட்டமில்லை. இன்னும் மேலே ஹோல்புங் குன்று. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் ஏறினால் போதும், மரமே இல்லாத புல்மேடு, வரப்பு மாதிரி நீண்டு போகிறது, கீழே ஏரியின் ஒரு கை மலைகளுக்குள் மடங்கி நுழைவது முழுசாகத் தெரியும். குழியின் சுவர் எவ்வளவு உயரம், எவ்வளவு செங்குத்து என்பது இங்கே நின்றால்தான் மண்டையில் ஏறுகிறது. தோபாவில் ஒரே ஒரு இடம்தான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தீவு மேட்டில் சிதிஹோனி என்று ஒரு குட்டி ஏரியும் உண்டு, ஏரிக்குள் இருக்கிற தீவுக்குள் ஒரு ஏரி. கேட்க நன்றாக இருக்கிறது, நேரில் எருமை மேய்கிற ஒரு குட்டைதான். நேரமிருந்தால் போங்கள்.

நான் சென்னிமலைப் பக்கத்துக்காரன், தறிச்சத்தத்தில் வளர்ந்தவன், அதனால் பத்தாக் மக்கள் தோளில் போர்த்துகிற உலோஸ் என்ற கைத்தறித் துணியைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதிவிடுகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள். தோமோக் கடைகளில் விற்பதில் பெரும்பாலும் மிஷின் துணி. நிஜமானதைப் பார்க்க பங்குருரானுக்கு முன்னால் லும்பான் சுஹி சுஹி என்ற ஊரில் இறங்குங்கள். நம்ம குழித்தறி மாதிரி பள்ளமோ சட்டமோ கிடையாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாவின் ஒரு முனையை முன்னால் கட்டையில் மாட்டி, மறுமுனையை இடுப்புக்குப் பின்னால் ஒரு பட்டையோடு கட்டிக்கொள்கிறார்கள், உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு இறுகும், முன்னால் குனிந்தால் தளரும். தறியில் பாதி அந்த அம்மாவின் முதுகுதான். ஊடையை அடித்து நெருக்க வாள் மாதிரி ஒரு மரப்பட்டை, டக் டக் என்று அந்தச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு துணிக்கு வாரக்கணக்கில் ஆகும், விலையும் அதற்குத் தக்கபடிதான், பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. கடையில் ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் குஞ்சத்தைப் பாருங்கள், கையால் முறுக்கியது ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு வேறாக இருக்கும். துணி எடை இல்லாமல் பளபளத்தால் விட்டுவிடுங்கள்.

இந்தத் துணியை யார் யாருக்குப் போர்த்துவது என்பதற்கு பத்தாக் மக்களுக்குள் கறாரான முறை உண்டு. பொண்ணு கொடுத்த வீட்டார்தான் போர்த்த வேண்டும், தாய்மாமனுக்குத் தனி மரியாதை, மாமன் மகளைக் கட்டுவது விசேஷம், ஒரே குலத்தில் கட்டக்கூடாது. புது ஆளைப் பார்த்ததும் முதலில் குலம் கேட்டு உறவுமுறை கண்டுபிடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சே. "என்ன கூட்டமுங்க?" என்று ஆரம்பிக்கிற நம்ம ஆட்களுக்கு இதில் எதுவும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் டிரைவர் வடக்கே காரோ பகுதிக்காரர், செம்பிரிங் குலம், அதில் பாண்டியா உட்பிரிவு என்றார், சோழியா என்றும் ஒரு பிரிவு இருக்கிறதாம். மச்சான் வண்டியிலேயே கைகுலுக்கிவிட்டான். ஏரிக்குத் தென்மேற்கே கடற்கரையில் பாரூஸ் என்ற ஊரில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, 1088ஆம் ஆண்டையது. கற்பூரம் வாங்கப் போனவர்கள்.

சாப்பாடு: சைவக்காரர்கள் துக்துக்கில் தப்பித்துக்கொள்ளலாம், வேகவைத்த காயில் கடலைச் சாந்து ஊற்றிய கதோ கதோ, டெம்பே (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்வது) வறுவல், சோறு. தீவின் மற்ற பக்கங்களில் கஷ்டம். சின்னக் கடைகளில் பி1, பி2 என்று போர்டு இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள், பி1 நாய்க்கறி, பி2 பன்றிக்கறி. அசைவக்காரர்கள் ஆர்சிக் கேளுங்கள், மஞ்சளும் அந்தலிமான் என்ற மிளகும் போட்டு வற்ற வைத்த கெண்டை மீன். அந்த மிளகு காரம் கொடுப்பதற்குப் பதில் நாக்கை மரக்கச் செய்கிறது, எலுமிச்சை வாசம். மீன் பெரும்பாலும் ஏரியிலேயே வலைக்கூண்டு போட்டு வளர்ப்பது, கூண்டுகள் அளவுக்கு மீறிப் போய் 2016ல் ஹரங்காவோல் பக்கம் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்து மிதந்திருக்கிறது. குளிப்பதாக இருந்தால் கூண்டு இல்லாத பக்கமாகப் பார்த்து இறங்குங்கள். காபி பிரமாதம், பக்கத்திலேயே லிந்தோங்கில் விளைகிறது, ஆனால் பால் கேட்டால் டப்பாப் பாலை ஊற்றிவிடுவார்கள், கடுங்காபியே குடித்துவிடுங்கள்.

போனால் தீவில் குறைந்தது மூன்று ராத்திரி வையுங்கள், நம்ம மே லீவுக்கு மழை குறைவு, சரியாக இருக்கும். ஞாயிறு காலையில் எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள், கடை திறக்காது, பெட்ரோலைச் சனிக்கிழமையே போட்டுக்கொள்ளுங்கள். கார்டை நம்பிப் போகாமல் பங்குருரான் ஏடிஎம்மில் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தறிக்கார அம்மாக்களிடம் ரொக்கம்தான் செல்லும்.