ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350: பின்சீட் சாய்மானமும் கேரியரும், மாட்டிய பிறகு தெரிய வருவது

சாய்மானம் வாங்கும்போது எல்லோரும் குஷனை அழுத்திப் பார்க்கிறார்கள். ஓர் ஆண்டு ஓடிய பிறகு குஷனைப் பற்றிப் பேச்சே வராது. போல்ட் தளர்ந்தது, புஷ் (தகட்டுக்கும் வண்டிக்கும் இடையில் போல்ட் நுழையும் சிறு குழாய்) நசுங்கியது, வெல்டிங்கில் கீறல் விட்டது என்றுதான் பேச்சு வரும். அதனால் அவற்றையே முதலில் பார்த்துவிடலாம்.

‘புல்லட்டுக்கு எல்லாம் ஒரே செட்தான்’ என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். 2021இல் வந்த கிளாசிக் 350இன் ஃபிரேமே புதிது. பழைய கிளாசிக்கின் கிட் இதில் நேராக உட்காராது. துளையை ராவி, இழுத்துப் பிடித்து முறுக்கினால் ஏறிவிடும்தான். ஆனால் அந்த இழுவிசை அப்படியே தகட்டில் தங்கிவிடும், முதல் கீறலும் அங்கேதான் விழும். எல்லாப் போல்டும் கையாலேயே நான்கைந்து மரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அந்தச் செட் இந்த வண்டிக்கானது இல்லை.

சாய்மானத்தை வண்டியோடு பிணைக்கும் பக்கத் தகடு 5 மி.மீ. கனமாவது இருக்கட்டும். 3 மி.மீ. தகடு கடையில் உறுதியாகத் தெரியும், பின்னால் இருப்பவர் சாய்ந்தால் வளையும். தகடு கூடிய அளவுக்குப் போல்டின் நீளமும் கூட வேண்டும். பழைய போல்டையே போட்டால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும், ஒரு பெரிய பள்ளத்தில் மரை உரிந்துவிடும். M8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்டுக்குக் குறைந்தது 8 மி.மீ. மரை உள்ளே போக வேண்டும். அதற்காக மிக நீளமானதைப் போட்டாலும் ஆபத்துதான். மட்கார்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனை, இருவர் ஏறி ஷாக் அப்சார்பர் முழுதாக அமுங்கும்போது டயரைக் கிழிக்கும். மாட்டியதும் உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பின்விளக்கு ஒயர் தகட்டுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒயர் நசுங்கினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது. உறை தேய்ந்து, மழை நாளில்தான் ஃபியூஸ் போகும்.

இடைவெளியை நிரப்ப ரப்பர் புஷ் கொடுக்கிறார்கள். அதிர்வு குறையும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நடப்பது வேறு. எடை தாங்கும் இடத்தில் ரப்பர் இருந்தால் போல்ட் இறுகவே இறுகாது. ரப்பர் நசுங்க நசுங்க முறுக்கம் குறைந்து, தகடு ஆடி, துளை நீள்வட்டமாகிவிடும். லேத்தில் சரியான நீளத்துக்கு இரும்புப் புஷ் கடைந்து வாங்குவது அதிகச் செலவில்லை. வாஷர்களை அடுக்கி நிரப்புவதும் வேண்டாம்.

முறுக்கும் முறையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. எல்லாப் போல்டையும் பாதி ஏற்றி, சாய்மானச் சட்டம் நேராக இருக்கிறதா என்று பின்னால் நின்று பார்த்து, பிறகு இடம் வலமாக மாறி மாறி முறுக்க வேண்டும். 8.8 தர (தலையில் 8.8 என்று பொறித்த) M8 போல்டுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். மரையில் நீலநிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விடுங்கள். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) கழற்றினால் திரும்பவும் போடாமல் புதிது வாங்குங்கள். போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டால், தளர்ந்ததைக் கோடு விலகியே காட்டிக் கொடுக்கும். முதல் 100 கி.மீ.க்குள் ஒருமுறை, 500இல் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும்.

பின்சீட் கைப்பிடியைக் கழற்றிவிட்டுச் சாய்மானம் போடச் சொல்லும் செட்டுகள் உண்டு. அவற்றை வாங்காதீர்கள். புடவையோடு ஒருபக்கமாக உட்காருகிறவருக்குச் சாய்மானத்தால் பயனே இல்லை. அவருக்குக் கைப்பிடிதான் உயிர்ப்பிடி. மத்திய மோட்டார் வாகன விதி 123உம் பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி கட்டாயம் என்கிறது. ஒருபக்கமாக அமர்பவரின் இடுப்பில் சாய்மானத்தின் பக்கக் கம்பி குத்தவும் செய்யும். வீட்டில் யார் எப்படி உட்காருவார்கள் என்று பார்த்து, கையால் கழற்றி மாட்டக்கூடிய சாய்மானத்தை எடுப்பது நல்லது. குஷன் கீழ்முதுகில் பட வேண்டும். தோள்பட்டை வரை உயர்ந்தால் வேகமெடுக்கும்போது முழு உடலும் அதைத் தள்ளும், அந்த நெம்பு அடித்தகட்டில்தான் போய்ச் சேரும்.

கேரியரில் எவ்வளவு ஏற்றலாம்? இந்த வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 1390 மி.மீ. பின் அச்சுக்கு 300 மி.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால், பின்சக்கரத்தில் 12 கிலோவுக்குச் சற்று மேல் ஏறும், முன்சக்கரத்தில் 2 கிலோவுக்கு மேல் இறங்கும். கணக்கில் சிறியதுதான். ஆனால் ஏற்கெனவே பின்னால் ஒருவர் இருக்கிறார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஹேண்டில் லேசாவது கையில் தெரியும். இரவில் ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். ஆகவே கேரியரில் மழைக்கோட்டு, படுக்கை விரிப்பு போன்ற இலகுவானவை. தண்ணீர், கருவிப் பை இரண்டும் பக்கப் பையில், கீழே. பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் இறுக்கத்துக்கு ஆறு படி உண்டு, இருவரும் சுமையும் சேர்ந்தால் மேல் படிக்கு மாற்றுங்கள். இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். சாமான் பெட்டி வைப்பவர்களுக்கு 2020இல் விதியில் அளவு வந்திருக்கிறது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ.க்கு மேல் கூடாது. பெட்டி பின்சீட் இடத்தைப் பிடித்தால் இரண்டாம் ஆள் ஏறக் கூடாது.

கடலோர ஊர்களில் குரோம் பூச்சு சீக்கிரம் புள்ளி விடும், கறுப்புப் பவுடர் கோட்டிங் அதைவிடத் தாங்கும். குழாயின் திறந்த முனைகளில் ரப்பர் மூடி இல்லையென்றால் மழைநீர் உள்ளே தேங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அரிக்கும்.

மாதம் ஒருமுறை வண்டி கழுவும்போது, குழாய் தகட்டைச் சந்திக்கும் மூலையை விரலால் துடைத்துப் பாருங்கள். தலைமுடி போல ஒரு துருக்கோடு தெரிந்தால் அது அழுக்கில்லை, வெல்டிங் விட ஆரம்பித்திருக்கிறது. அன்றே சுமையை இறக்கிவிட வேண்டும். மேலேயே இன்னொரு பூச்சு வெல்டிங் வைத்தால் அதற்குப் பக்கத்தில் உடையும். கீறலை முழுவதும் அரைத்தெடுத்து, உள்மூலையில் ஒரு முக்கோணத் தகடு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். அதையும் வண்டியில் வைத்தே செய்யக் கூடாது. ஈசியூவும் (எஞ்சினை இயக்கும் கணினி) ஏபிஎஸ்ஸும் (பிரேக் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி இது, வெல்டிங் மின்சாரம் அவற்றைக் கெடுத்துவிடலாம். சாய்மானச் சட்டத்தைக் கழற்றித் தரையில் வைத்த பிறகுதான் வெல்டர் கை வைக்க வேண்டும்.